பாதித் தண்ணீரில் திரும்புகிறவர்

என் வீட்டுக்காரர் எழிலனைத் தங்கவயல் கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நிற்கிற யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். குரல் உயர்த்த மாட்டார், இடத்துக்குச் சண்டை போட மாட்டார், பெங்களூர் வரைக்கும் கதவோரம் நின்றுகொண்டே போவார். அங்கே ஒரு ஆஸ்பத்திரியின் துணி துவைக்கும் கூடத்தில் மெஷின் ஓட்டுகிறார். நல்ல மனுஷன்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவரோடு குடும்பம் நடத்திப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

எதையும் பாதியில் நிறுத்துவார். டிபன் பாக்ஸில் பாதி திரும்பி வரும். பேப்பரைப் பாதி படித்து மடித்து வைப்பார். கல்யாணமான புதிதில் சினிமாவுக்குக் கூட்டிப் போனார், இடைவேளை விட்டதும் "போலாமா?" என்று எழுந்து நின்றார். படம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அவருக்குப் படம் ரொம்பப் பிடித்திருந்ததாம்.

இது என் மாமனார் தர்மராஜ் போட்டுக் கொடுத்த பாதை. அவர் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஆழமான லெவல்களில் வேலை செய்தவர். அங்கே பாறையே அடுப்பு மாதிரி கொதிக்குமாம். உள்ளே போகும்போது கொண்டுபோகிற தண்ணீர்தான் உயிர். அதனால் அவர் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார்: "கொண்டுபோன தண்ணி பாதி ஆச்சா, கையில இன்னா வேலை இருந்தாலும் வெச்சிட்டு மேல தூக்கற ஷாஃப்ட் பக்கம் திரும்பு. மீதிப் பாதி திரும்பி வர்றவனுக்கு." தனக்கு வைத்துக்கொண்டதோடு விட்டிருக்கலாம். பிள்ளைகளுக்கும் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து ஊட்டிவிட்டார். சுரங்கத்துக்குள் ஒரு நாள்கூடக் கால் வைக்காத என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் மருமகளாக வந்தபோது மாமனார் வேலையில் இல்லை. கல்தூசி நெஞ்சை அரித்துவிட்டிருந்தது. படுக்க முடியாது, சுவரில் சாய்ந்து, மடியில் தலையணையை வைத்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருப்பார். அவர் மூச்சு வாங்கும் சத்தம் தெருக்குழாய் வரைக்கும் கேட்கும். காலையில் ஆரம்பித்த இளைப்பு ராத்திரி வரைக்கும் இறங்காது. ஐம்பத்தொரு வயதில் போய்விட்டார்.

அந்த வீட்டில் மூச்சு வாங்குவது என்றால் சாவு வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். அதனால் என் வீட்டுக்காரர் வாழ்நாளில் மூச்சு வாங்குகிற மாதிரி ஒன்றும் செய்ததில்லை. மாடிப்படியை நின்று நின்றுதான் ஏறுவார். ரயில் புறப்படுவது கண்ணுக்குத் தெரிந்தாலும் ஓட மாட்டார், அடுத்த ரயிலுக்கு நிற்பார். எனக்கு எரிச்சலாக வரும், ஆனால் அந்தச் சத்தத்தை நானும் கேட்டவள் என்பதால் வாயை மூடிக்கொள்வேன்.

இந்த வருஷம் அவருக்கும் ஐம்பத்தொன்று ஆனது. அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

தனக்கும் நெஞ்சு போய்க்கொண்டிருக்கிறது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தும்மினால் நெஞ்சு, கொட்டாவி விட்டால் நெஞ்சு. அவர் வேலை செய்கிற இடமே ஆஸ்பத்திரி. அங்கேயே நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து, "அப்பாவுக்கும் மொதல்ல சுத்தம்னுதான் சொன்னாங்க" என்றார். இதற்கு மேல் என்ன வைத்தியம் பார்ப்பது?

பயந்துகொண்டு சும்மா இருந்திருந்தால் நானும் பொறுத்துப் போயிருப்பேன். எங்கள் மகள் வெண்ணிலா கோலாரில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார். ஆண்டர்சன்பேட்டைப் பையன், நல்ல குடும்பம், நம்ம புத்த விகாரிலேயே கல்யாணத்தை முடித்துவிடலாம், நான் இருக்கும்போதே அவளை ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்றார். அந்த வீட்டில் மருமகள் வேலைக்குப் போகக் கூடாதாம். அதை மட்டும் ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

நான் கத்தினேன். மகள் கத்தவில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டே, "அப்பாவுக்கு நிம்மதின்னா நான் ஒத்துக்கறேம்மா" என்றாள். போட்டு முடித்த சட்டையையே மறுபடியும் எடுத்துப் போட்டாள். இவளும் பாதியில் திரும்புகிறவளாக ஆகிவிட்டாளே என்று எனக்கு அழுகை வந்தது.

இதற்கு நடுவில்தான் நரிபெட்டா வந்தது. பேத்தமங்களா தாண்டிப் போனால் ஒரு மலை. உச்சியில் வயர்லெஸ் டவர் ஒன்று, சின்னதாக ஓர் ஆஞ்சநேயர் கோயில். மலைப்பாதையில் முதல் பாதிக்குத் தார் போட்டார்கள். அதற்கு மேல் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. ரயில் சிநேகிதர் மனோகர் ஒருநாள், "நரிபெட்டாவ சைக்கிள்ல ஏறிட்டா அவன் நெஞ்சுக்கு நூறு வருஷம் கேரண்டிண்ணே" என்று சொல்லியிருக்கிறார். மனோகர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சைக்கிள் மிதிக்கிற ஆள். விளையாட்டுக்குச் சொன்னதை இவர் டாக்டர் சீட்டு மாதிரி எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் யாரோ கழித்துக் கட்டிய ஒரு கியர் சைக்கிளைக் கேட்டு வாங்கி, ரயிலிலேயே ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் விடிகிற நேரத்தில் கிளம்புவார். "இன்னாண்ணே, பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று தெருவே கேலி செய்யும். நான் பச்சை பாட்டிலில் கழுத்துவரை தண்ணீர் பிடித்துக் கொடுப்பேன். வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்து, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஜல்லி வரைக்கும் போனேன் கயலு. அதுக்கு மேல மூச்சு இல்ல" என்பார். ஒவ்வொரு ஞாயிறும் அதே ஜல்லி, அதே பேச்சு. திங்கள்கிழமை ஆனதும் ஆண்டர்சன்பேட்டைக்குப் போன் போடுவார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "சரிங்க, ஒரே ஒரு தடவ உச்சி வரைக்கும் மிதிச்சிக்கினு போய்ட்டு வாங்க. போய்ட்டீங்கன்னா இந்தக் கல்யாணப் பேச்ச வுட்டுடணும். பொண்ணு படிச்சி முடிக்கட்டும்."

அவர் நியாயமான மனுஷன். "போவ முடியலன்னா?" என்று கேட்டார்.

"போவ முடியலன்னா அவங்க வந்து பொண்ணு பாக்கட்டும். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. என் மகளின் படிப்பைக் கொண்டுபோய் இந்த மனுஷனின் முழங்காலில் கட்டிவிட்டேன். புத்த பூர்ணிமா கழிந்து அவர்கள் வருவதாகப் பேச்சு. அதற்குள் இரண்டு ஞாயிறுதான் இருந்தது.

முதல் ஞாயிறு போனார். ஜல்லியோடு திரும்பினார்.

நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் மீதித் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். எங்கள் ஊரில் யாரும் தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட மாட்டோம். ஊற்றும்போது கை நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் இந்தச் செடிக்கு இதே அளவு தண்ணீர்தானே ஊற்றுகிறேன்? பாட்டில் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கூட எந்த ஞாயிறும் இறங்கியதில்லை.

முன்பக்கம் வந்து அவரைப் பார்த்தேன். சைக்கிளுக்குத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். வாயில் ஏதோ பாட்டு. மூச்சில்லாமல் திரும்பி வந்தவன் வாயில் பாட்டு எங்கிருந்து வரும்?

"ஏங்க, அந்த ஜல்லிகிட்ட இன்னாதான் ஆச்சு?"

"இன்னா ஆவும்? தண்ணி பாதி ஆயிடிச்சி. திரும்பிட்டேன்."

"மூச்சு?"

துணியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "வாங்க ஆரம்பிக்கற மாதிரி இருந்துச்சு" என்றார்.

எனக்குச் சிரிப்பதா, சைக்கிளைத் தூக்கி அவர் மேலேயே போடுவதா என்று தெரியவில்லை. இந்த மனுஷனுக்கு மூச்சு தீரவில்லை. தண்ணீர் பாதி தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதையே நெஞ்சு போய்விட்டது என்று எண்ணி, என் மகளைப் படிப்பை விட்டு எழுப்பப் பார்க்கிறார்.

நான் சுரங்கக் குடும்பத்துப் பெண் இல்லை. பேத்தமங்களாவில் ஏரித் தண்ணீரைத் தங்கவயலுக்கு ஏற்றி அனுப்பும் பம்ப் ஹவுஸில் எங்கப்பா வேலை பார்த்தார். மேட்டுக்கு ஏற்றுவதற்குத்தான் மோட்டார், பள்ளத்துக்குத் தண்ணீர் தானாகவே ஓடும் என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். பூமிக்குள் போகிறவன் திரும்பி வருவதற்குப் பாதி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மலை ஏறுகிறவனுக்கு எதற்கு? அவனைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது சரிவின் வேலை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

இதை எல்லாம் அவருக்கு ஆற அமரச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டார். "நீ சொல்றது சரிதான் கயலு" என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அது தலை ஒத்துக்கொண்டதுதான். மலையில் பாட்டிலைப் பார்த்துவிட்டு ஹேண்டிலைத் திருப்புவது கை. கைக்கு யார் சொல்வது? இரண்டு பாட்டில் கொடுத்தால் ஜல்லிக்குள்ளேயே ஒன்றைக் காலி செய்துவிட்டுத் திரும்பி வருவார். குடத்தையே கட்டிக் கொடுத்தாலும் அரைக் குடத்தில் திரும்பி வருவார்.

அடுத்த சனிக்கிழமை சாயந்திரம் அவரிடம் சொன்னேன். "நாளைக்கி நான் முன்னாடியே போயி உச்சில ஒக்காந்துருப்பேன். நீங்க திரும்பி வர்றதுக்கான தண்ணி எங்கிட்ட இருக்கும். பாட்டில்ல இருக்கறது பூரா ஏறத்தான். நீங்க வராம நான் கீழ எறங்க மாட்டேன்."

"மலைல நீ எப்பிடி ஏறுவே?" என்றார்.

"நடந்துதான். எனக்கு யாரும் சட்டம் போடல" என்றேன்.

விடிந்ததும் வெண்ணிலா என்னை ஸ்கூட்டியில் ஏற்றித் தார் முடிகிற இடத்தில் இறக்கிவிட்டாள். தண்ணீர் கேனை என் கையில் கொடுத்தாள். "ம்மா, அப்பாவால முடியலன்னா திட்டாதே" என்றாள். அவளுக்கு இது என்ன பந்தயம் என்று தெரியும், தெரிந்தும் அப்பனைத் திட்டாதே என்கிறாள். "நீ போடி" என்று அனுப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

ஜல்லியில் நடந்தேன். ஓரடி வைத்தால் அரையடி சறுக்கிக்கொண்டு வந்தது. செருப்புக்குள் கல், இடுப்பில் கேன், வளைவுக்கு வளைவு நின்று நின்று போனேன். நடக்கிறவளுக்கே இந்தப் பாடு, சைக்கிளில் ஒருவர் எப்படி ஏறுவார் என்று அப்போதுதான் பயம் பிடித்தது. ஒன்றும் தெரியாமல் பந்தயம் கட்டியவள் நான்.

உச்சியில் டவர் காவல்காரர் நாகேஷ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். கன்னடக்காரர், எங்கள் தமிழும் நன்றாகப் பேசுவார். விஷயத்தைச் சொன்னதும், "அய்யோ, பேடாம்மா, வேணாம்! இங்க பைக்கே வழுக்கி உழுது. சைக்கிளா?" என்றார்.

நான் உட்காரவில்லை. கோயிலுக்குப் பக்கத்துப் பாறைமேல் ஏறி நின்றேன். கீழே பாதை முழுக்கத் தெரிந்தது. தூரத்தில் தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிய எங்கள் ஊரின் சயனைட் மேடுகள் வெளுத்துக் கிடந்தன. கொஞ்ச நேரத்தில் நீலச் சட்டை ஒன்று தார் ரோட்டில் வளைந்து வளைந்து வந்தது. தார் முடிகிற இடத்துக்கு வந்தது. நின்றது.

ஒரு காலைத் தரையில் ஊன்றினார். பாட்டிலை எடுத்துக் குடித்தார். அப்புறம் அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அவ்வளவு தூரத்திலும் அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த வெள்ளைக் கோடு. பிறகு சைக்கிளைப் படுக்க வைத்துச் சக்கரத்தருகே குனிந்தார். பஞ்சர், எல்லாம் முடிந்தது, திரும்பப் போகிறார் என்றே நினைத்துவிட்டேன். பஞ்சர் இல்லையாம், காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் ஜல்லியைப் பிடிக்கும் என்று மனோகர் சொல்லிக்கொடுத்திருந்தாராம். அது பின்னால் தெரிந்தது.

நிமிர்ந்தவர் மலையைப் பார்த்தார். நான் கட்டியிருந்தது மஞ்சள் புடவை, பார்த்திருப்பார். மறுபடியும் பாட்டிலை வாயில் வைத்தார். தலை பின்னால் சாய்ந்தது. சாய்ந்த தலை நிமிரவே இல்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

"வாங்க" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

ஜல்லியில் ஏறினார். இருக்கையின் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டு, ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் என்று குறுக்கே குறுக்கே மிதித்தார். இரண்டாவது வளைவில் பின்சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றது, சைக்கிளோடு விழுந்தார். ஆனைக்கும் அடி சறுக்கும், இவர் ஆனைகூட இல்லை. எழுந்து முழங்கையைப் பார்த்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே நடந்திருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்? நடக்கவில்லை. கொஞ்ச தூரம் கீழே இறங்கிப் போய், சமமான இடம் பார்த்து மறுபடி ஏறி உட்கார்ந்து மிதித்தார். அந்த இடத்தில் அவர்மேல் எனக்கு வந்த பிரியம் கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

கடைசி வளைவில் பாறை மறைத்தது. ஆள் தெரியவில்லை, சத்தம்தான் முதலில் வந்தது. தெருக்குழாய் வரைக்கும் கேட்ட அதே சத்தம்.

பெற்ற மகளுக்காகக் கட்டினவரைக் கொன்றுவிட்டேனே என்றுதான் நினைத்தேன். கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் டவர் வேலி வரைக்கும் மிதித்து வந்து, சைக்கிளை அப்படியே விட்டுவிட்டுப் பாறையில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். அசல் மாமனார். நாகேஷ் பயந்துபோய் போனை எடுத்தார்.

கேனைத் திறந்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு எதையோ உற்றுக் கேட்டார். நானும் கேட்டேன். நெஞ்சு ஏறி இறங்குகிற சத்தம் காதை அடைத்தது. பிறகு கொஞ்சம் குறைந்தது. அப்புறம் இன்னும் கொஞ்சம். வேலிக் கம்பியில் காற்று அடிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. என் மணிக்கட்டில் இருந்த பிடி தளர்ந்தது.

"எறங்குது" என்றார். கண்ணைத் திறந்தார். "கயலு, எறங்குது பாரு. அப்பாவுக்கு எறங்கவே இல்ல. எனக்கு எறங்குதும்மே."

அழுதார். நாகேஷ் போனை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூச்சு வாங்கினால் அது திரும்ப இறங்கும் என்பது ஊரில் ஓடுகிற நாய்க்கும் தெரியும். இவருக்குத் தெரிந்துகொள்ள ஐம்பத்தொரு வயதும் ஒரு மலையும் வேண்டியிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அப்பா சாய்ந்திருந்த அந்தச் சுவரோரம் உட்கார்ந்து இந்தப் பிள்ளை எத்தனை நாள் அது இறங்கும் இறங்கும் என்று காத்திருந்ததோ என்று நினைத்துக்கொண்டேன்.

கேனை வாங்கிக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தார். குடித்துக்கொண்டே சட்டைப்பையில் துழாவிப் போனை எடுத்து மகளுக்குப் போட்டார். "நிலா, அப்பா மேல இருக்கறேன். ஆமா, மிதிச்சிதான். அவங்கள வர வேணாம்னு நானே சொல்லிடறேன். நீ நாளைக்கி காலேஜுக்குப் போ." சொல்லி முடித்த பிறகும் இவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. ஜல்லியில் ஏறி வந்ததிலிருந்து நான் ஒரு வாய் குடிக்கவில்லை, அவருக்கென்று வைத்திருந்தேன். கேனை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து எதிலும் பாதியை மிச்சம் வைத்த மனுஷன், கட்டின பெண்டாட்டிக்கு ஒரு வாய்கூட வைக்காமல் பூராவும் குடித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே போய் நாகேஷிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.